மழையில் கார் மிதந்தால் என்ன செய்வது? புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அக்கா மகள் போன மாதம் லைசென்ஸ் வாங்கினாள். வெயிலில் காய்ந்த மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டினாள், அட்டையும் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி: “மாமா, மழையில கார் வழுக்கினா பிரேக் போடணுமா, கூடாதா?”

சரியான கேள்வி. பயிற்சி வகுப்பில் இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை. நான் கற்றுக்கொண்டது உளுந்தூர்பேட்டையைத் தாண்டி, ஒரு நவம்பர் மாலையில், மனைவியும் பிள்ளையும் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது. மழை வலுத்திருந்தது. நான் 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்டர் மீடியனை ஒட்டிய தடத்தில் போய்க்கொண்டிருந்தேன். அங்கே தண்ணீர் தேங்கி நின்றது கண்ணுக்குத் தெரியவில்லை. அதில் ஏறிய நொடியில், அதுவரை காருக்கு அடியில் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் சட்டென்று அடங்கியது. ஸ்டியரிங் பஞ்சுபோல லேசானது. இஞ்சின் மட்டும் உறுமியது. ஒரு வினாடியோ ஒன்றரை வினாடியோ இருக்கும், கார் என் கையில் இல்லை. கால் பிரேக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோதே சக்கரம் மறுபடி தரையைப் பிடித்துவிட்டது. பிரேக்கை மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது பிறகு இதைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது.

இதற்குப் பெயர் அக்வாபிளேனிங். ஹைட்ரோபிளேனிங் என்றும் சொல்வார்கள். தமிழில் நீர்மிதப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். டயருக்கும் சாலைக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து, டயரைத் தூக்கிவிடுவதுதான் அது. சாதாரணமாக வழுக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வழுக்கும்போது பிடிப்பு குறையும். மிதக்கும்போது பிடிப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால்தான் ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒரே சமயத்தில் உதவாமல் போகின்றன.

அக்கா மகளுக்குச் சொன்னதையெல்லாம் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

டயருக்கு அடியில் நடப்பது

கார் டயர் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கையை விரித்து வைத்த அளவுதான். நான்கு டயருக்கு நான்கு உள்ளங்கை. ஒரு டன் எடையுள்ள கார் திரும்புவதும் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர். மூன்று மில்லிமீட்டர் என்பது இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கி வைத்த உயரம்கூட வராது. வேகம் 80 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 22 மீட்டர். இவற்றைப் பெருக்கிப் பார்த்தால் ஒரு முன்டயர் வினாடிக்குச் சுமார் 12 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். வீட்டில் தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் குடம் கிட்டத்தட்ட நிறையும் அளவு அது. வினாடிக்கு ஒரு குடம், விடாமல். டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையோடு ஒட்டியிருக்கும் நேரமோ ஒரு வினாடியில் நூற்றைம்பதில் ஒரு பங்குதான். அதற்குள் தண்ணீர் டயரின் பள்ளங்கள் வழியாகப் பக்கவாட்டிலும் பின்னாலும் வெளியேறியாக வேண்டும்.

வெளியேற முடியாத தண்ணீர் டயருக்கு முன்னால் ஆப்புபோலக் குவிகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தண்ணீரின் அழுத்தம் நான்கு மடங்காகிறது. ஒரு கட்டத்தில் அது டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. பெரும்பாலும் முன்டயர்தான் முதலில் மிதக்கும், ஏனென்றால் பின்டயர் முன்டயர் ஒதுக்கிவிட்ட பாதையில் வருகிறது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், புது டயரை எங்கே போடுவது என்று பேசும்போது தேவைப்படும்.

இன்னொரு வகையும் உண்டு. நாலைந்து மாதம் வெயில் காய்ந்த சாலையில் முதல் மழை தூறும்போது, எண்ணெயும் டயர்ப் பொடியும் புழுதியும் தண்ணீரோடு கலந்து மெல்லிய வழவழப்பான படலமாகிறது. இதில் கார் வழுக்க ஆழமான தண்ணீரும் வேண்டாம், பெரிய வேகமும் வேண்டாம். ஆகவே முதல் அரை மணி நேரத் தூறலைக் கொட்டும் மழையைவிடக் குறைவாக எண்ணாதீர்கள். முடிந்தால் அந்த நேரத்தில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

முதல் வேலை: மழைக்கு முன்பே டயரைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பாதிக்கு மேல்தான் தொடங்கும். டயரைப் பார்க்க வேண்டிய மாதம் செப்டம்பர். கன்னியாகுமரி மாவட்டத்திலோ கோவை பக்கத்திலோ இருப்பவர்கள் ஜூன் மழைக்கு முன்னாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புது கார் டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். சட்டப்படி காருக்கு 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். டயரின் பக்கச் சுவரில் விளிம்புக்குப் பக்கத்தில் சின்ன முக்கோணக் குறியோ, டி.டபிள்யூ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் விரலை விட்டால் ஒரு சிறிய மேடு தட்டுப்படும். மேடும் டயரின் மேற்பரப்பும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த டயர் முடிந்தது.

ஆனால் மழைக்கு அந்த 1.6-ஐ நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே நான் மாற்றிவிடுகிறேன். பள்ளம் பாதியானால் தண்ணீர் போகும் வழியும் பாதியாகிறது. காய்ந்த சாலையில் 2 மில்லிமீட்டர் டயர் நன்றாகவே ஓடும், வித்தியாசமே தெரியாது. மழை வந்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும். “இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடும் சார்” என்று டயர் கடையில் சொன்னால், அது மார்ச் மாதத்தில் சரியாக இருக்கலாம். அக்டோபரில் சரியில்லை.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஆழம் அளக்கும் சின்ன அளவுகோல் டயர் கடைகளிலும் ஆன்லைனிலும் மலிவாகக் கிடைக்கிறது. இல்லையென்றால் ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் செருகி, நகத்தால் அடையாளம் வைத்து, பிள்ளையின் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். ஒரு டயரில் மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு. உள்விளிம்பைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்தால் முன்டயரின் உட்புறம் தெரியும். அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் நேர்நிலை, சரியில்லாத காரில் வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும் டயர், உள்ளே மொட்டையாக இருக்கும்.

நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் நிறைய இருந்தாலும் ரப்பர் வயதானால் இறுகிவிடும், ஈரத்தில் பிடிப்பு குறையும்.

இரண்டு டயர் மட்டும் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் அவற்றை எங்கே போடுவது? “முன்னாடிதான சார் ஸ்டியரிங் இருக்கு, புதுச முன்னாடி போடுங்க” என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டயர் நிறுவனங்கள் சொல்வது நேர் எதிர்: புதியது பின்னால். முன்டயர் மிதந்தால் கார் நேராகப் போய்க்கொண்டே இருக்கும், வேகம் குறைந்ததும் பிடிப்பு திரும்பும், சாதாரண ஓட்டுநர் சமாளித்துவிடலாம். பின்டயர் மிதந்தால் காரின் வால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்ச் சுற்றிவிடும். பழகிய கைகளுக்கே அதைச் சமாளிப்பது கஷ்டம். ஆகவே நல்ல டயர் பின்னால். முன்டயரும் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் இந்தப் பேச்சே.

பெரிய அலாய் வீலும் அகலமான டயரும் மாட்டிக்கொள்ளும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அகலம் கூடினால் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும். காரின் எடை அதேதான். காய்ந்த சாலையில் கிடைக்கும் கூடுதல் பிடிப்பை மழையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

காற்றைக் குறைக்காதீர்கள்

இதற்குத் தனியாக இடம் ஒதுக்கக் காரணம் இருக்கிறது. “மழைக்காலம் சார், காத்த ரெண்டு மூணு பாயிண்ட் கொறச்சு வச்சுக்குங்க, கிரிப் நல்லா இருக்கும்.” இந்த அறிவுரையை நான் குறைந்தது நான்கு பஞ்சர் கடைகளில் கேட்டிருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். சேற்றிலும் மணலிலும் அது உண்மை. தார்ச்சாலையில் தேங்கிய தண்ணீரில் அது தவறு.

1963-இல் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் வால்டர் ஹார்னும் ராபர்ட் டிரெஹரும் விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்து ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்கு ஈடாகத் தண்ணீரின் அழுத்தம் வந்தால் டயர் மிதக்கும். அப்படியானால் மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கிலோமீட்டரில் சொன்னால், பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு, காற்றடிக்கும் இடத்தில் ‘பாயிண்ட்’ என்பது இதைத்தான்) எண்ணின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்க வேண்டும். 36 பி.எஸ்.ஐ. என்றால் 100 கிலோமீட்டர். 32 என்றால் 94. 25 என்றால் 83. பல மாதம் காற்று பார்க்காத கார் 25-க்கு இறங்கியிருக்கலாம்.

அந்த எண்களை எல்லையாக எடுத்துக்கொண்டு “93 வரை போகலாம்” என்று கணக்குப் போடாதீர்கள். விமான டயரையும் நன்றாகத் தண்ணீர் நின்ற ஓடுபாதையையும் வைத்து எழுந்த கணக்கு அது. தேய்ந்த கார் டயர் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கலாம். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: காற்று குறைந்தால் மிதக்கும் வேகமும் குறைகிறது. காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, தண்ணீர் அங்கே சிக்கிக்கொள்வதும் இதோடு சேர்கிறது.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் சொல்லியிருக்கும் அளவுதான் உங்கள் காருக்கு. முழுக் குடும்பமும் மூட்டைமுடிச்சும் ஏறினால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். டயர் சூடாகும் முன், காலையில் வீட்டுக்குப் பக்கத்து பங்க்கில் பாருங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். நைட்ரஜன் அடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது, அதையும் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் பாரம் ஏற்றிய லாரியோ பஸ்ஸோ 90-இல் பறக்கிறதே, அது மிதக்கவில்லையே என்று தோன்றும். அவற்றின் டயரில் 100 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று இருக்கிறது. அதே சூத்திரப்படி 100 பி.எஸ்.ஐ.க்கு வரும் வேகம் 160-க்கும் மேல். அவற்றைப் பார்த்து உங்கள் வேகத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரே சாலை, ஒரே மழை என்றாலும் டயர் வேறு.

சாலையைப் படிக்கப் பழகுங்கள்

மழை பெய்யும்போது தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிற்பதில்லை. எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி ஆபத்து போய்விடும். திருச்சி, மதுரை, சேலம் என்று நான்குவழிச் சாலைகளில் ஓட்டி ஓட்டி நான் கவனித்த இடங்கள் இவை.

பாரம் ஏற்றிய லாரிகள் ஓடி ஓடிச் சாலையில் இரண்டு நீளமான பள்ளத் தடங்கள் விழுந்திருக்கும். காய்ந்த நாளில் கண்ணுக்குத் தெரியாது. மழையில் இரண்டு வாய்க்கால்போல மின்னும். உங்கள் சக்கரமும் இயல்பாக அதற்குள்தான் போய் உட்காரும். ஓர் அடி தள்ளி, தடங்களுக்கு நடுவிலுள்ள மேட்டில் சக்கரம் ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவுகளில் சாலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். வலப்பக்கம் வளையும் சாலையில் நம் பாதையின் தண்ணீர் முழுவதும் சென்டர் மீடியனை நோக்கி ஓடும். மீடியனில் அரளியும் காகிதப்பூவும் வைத்திருக்கும் மண் கரைந்து வடிகால் துளையை அடைத்திருந்தால், வலத்தடத்தில் குளம் கட்டிவிடும். நான் மாட்டிக்கொண்டது இப்படிப்பட்ட இடத்தில்தான். மழையில் வேகமாகப் போகும் எல்லாரும் அந்த வலத்தடத்தில்தான் போகிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

நேர்ச்சாலை இப்படி வலப்பக்க வளைவாக மாறத் தொடங்கும் இடத்தையும் கவனியுங்கள். சாய்வு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறுகிறது. நடுவில் ஓரிடத்தில் சாலை தட்டையாக இருந்தே தீரும். அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கும்.

மேம்பாலத்தில் ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் மண் அமுங்கிச் சாலை சற்றுத் தாழ்ந்திருக்கும். பாலத்தின் மேல் மழைநீர்க் குழாய்கள் அடைத்திருக்கும். சாலை இறங்கி ஏறும் பள்ளமான பகுதிகளில் நாலா பக்கத்துத் தண்ணீரும் வந்து சேரும்.

முன்னால் போகும் வண்டியைப் பாருங்கள், அதுதான் உங்களுக்கு அளவுகோல். அதன் டயர் விட்டுச்சென்ற தடம் சில வினாடி தெளிவாகத் தெரிந்தால் தண்ணீர் குறைவு. தடம் விழுந்த உடனே மூடிக்கொண்டால் தண்ணீர் ஆழம். அந்தத் தடத்திலேயே உங்கள் சக்கரத்தையும் ஓட்டினால் தண்ணீரின் ஒரு பகுதியை அவர் ஏற்கனவே ஒதுக்கியிருப்பார். இதற்காக ஒட்டிப் போய்விடாதீர்கள். முன்வண்டி ஒரு மரத்தைக் கடந்ததும் நிதானமாக எண்ணத் தொடங்குங்கள். நான்கு எண்ணிய பிறகே நீங்கள் அந்த மரத்துக்கு வர வேண்டும்.

வேகமும் மற்ற பழக்கங்களும்

நான்குவழிச் சாலையில் 100 என்று பலகை இருப்பது நல்ல வானிலைக்கு. மழை பிடித்ததும் 80-க்குக் கீழே வாருங்கள். வைப்பரை முழு வேகத்தில் வைத்தால்தான் சாலை தெரிகிறது என்றால் 60. அப்போதும் தெரியவில்லை என்றால் ஓட்டக்கூடாது. அடுத்த பெட்ரோல் பங்க்கிலோ டோல்கேட்டிலோ நிறுத்திவிடுங்கள். சாலையோரம் நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல், ஏனென்றால் பின்னால் வருபவருக்கும் கண் தெரியாது.

ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே காரை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் குரூஸ் கன்ட்ரோலை மழையில் போடவே கூடாது. டயர் மிதக்கும் நொடியில் நீங்கள் காலை எடுக்க நினைப்பீர்கள், அது வேகத்தைத் தக்கவைக்கப் பார்க்கும்.

மின்சாரக் கார் ஓட்டுபவர்கள் ஒன்று செய்யுங்கள். காலை எடுத்ததும் பிரேக் போட்டதுபோல வேகம் குறைக்கும் அமைப்பு அதில் இருக்கும். மழையில் அதைக் குறைந்த அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்லைட்டை லோ பீமில் போடுங்கள். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து மினுக்குவது நம் ஊரில் பெரும் பழக்கமாகிவிட்டது. நீங்கள் தடம் மாறப் போகிறீர்களா இல்லையா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகிறது. நின்ற பிறகு போடுங்கள், அதற்காகத்தான் அது இருக்கிறது.

மிதந்துவிட்டது. இப்போது?

அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன். முதலில் அது மிதப்புதான் என்று எப்படித் தெரியும்? ஸ்டியரிங் திடீரென லேசாகும். சக்கரத்தில் தண்ணீர் அடிக்கும் சத்தம் மாறும். ஆக்சிலரேட்டரை அழுத்தாமலே இஞ்சின் சத்தம் ஏறும், ஏனென்றால் இழுக்கும் சக்கரம் தரை கிடைக்காமல் வெறுமனே சுற்றுகிறது. இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் போதும்.

அடுத்து வருவதைச் செய்ய இரண்டு வினாடிக்கு மேல் கிடைக்காது. அதனால் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

1. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வெடுக்கென்று அல்ல.

2. கியர் வண்டி என்றால் கிளட்சை மிதித்துவிடுங்கள். இஞ்சின் பிரேக் சக்கரத்தைத் தடுக்காமல், சக்கரம் தண்ணீரோடு தானாகச் சுற்றட்டும். கியரைக் குறைக்க வேண்டாம். ஆட்டோமேட்டிக் என்றால் காலை எடுத்தால் போதும், கியர் லீவரைத் தொடாதீர்கள்.

3. பிரேக்கைத் தொடாதீர்கள்.

4. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை உறுதியாக, கார் போய்க்கொண்டிருந்த திசையிலேயே பிடித்திருங்கள்.

5. காத்திருங்கள். வேகம் குறைந்ததும் டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரைக்கு வரும். ஸ்டியரிங்கில் மறுபடி கனம் வருவது கைக்குத் தெரியும். அதன் பிறகுதான் மெல்லத் திருப்புவதும் பிரேக் போடுவதும். கிளட்சையும் அப்போது மெதுவாக விடுங்கள்.

மூன்றாவதும் நான்காவதும் ஏன் என்று தெரிந்தால்தான் அந்த நேரத்தில் கை கால் சொன்னபடி கேட்கும். மிதக்கும் சக்கரத்தை நிறுத்தத் தரையின் உதவி இல்லை, ஆகவே பிரேக்கை லேசாகத் தொட்டாலே அது சுற்றாமல் நின்றுவிடும். நின்ற சக்கரம் தண்ணீரை வெளியே தள்ளாது, சறுக்கு மரம்போல அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும். ஒரு சக்கரம் தரையைப் பிடித்து இன்னொன்று பிடிக்காமல் இருந்தால் கார் சுழன்றுவிடும். பிரேக் போடும்போது சக்கரம் சுற்றாமல் நின்றுவிடாதபடி தடுக்கும் அமைப்புக்கு ஏ.பி.எஸ். என்று பெயர். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் நாட்டில் கார்களுக்கு அது கட்டாயம்தான். ஆனால் ஏ.பி.எஸ். தரையில் இருக்கும் பிடிப்பைத்தான் பங்கிட்டுத் தரும், இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

ஸ்டியரிங் கதை இன்னும் மோசமானது. திருப்பினால் கார் திரும்பவில்லை. பயத்தில் இன்னும் ஒடிப்பீர்கள். அப்போதும் திரும்பாது. பிறகு திடீரென்று டயர் தரையைப் பிடிக்கும், அந்த நொடியில் சக்கரம் முழுக்க ஒடிந்த நிலையில் இருக்கும். கார் அந்தப் பக்கம் அம்புபோலப் பாயும். மழையில் கார் மீடியனைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னும் இரண்டு நிலைகள் உண்டு.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தண்ணீரில் இறங்கினால் கார் அந்தத் தண்ணீர்ப் பக்கமே இழுக்கும். மீடியன் ஓரக் குளத்தில் வலச்சக்கரம் இறங்கினால் மீடியனை நோக்கி இழுக்கும். ஒரு கையால் பிடித்து ஓட்டுபவருக்கு ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். இரு கையாலும் இறுக்கி நேராகப் பிடித்தால் கடந்துவிடலாம். எதிர்ப்பக்கம் வெட்டி இழுக்கக்கூடாது, தண்ணீரைத் தாண்டியதும் கார் மறுபக்கம் பாய்ந்துவிடும்.

பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனால், வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். படிக்கும்போது குழப்பும். சுலபமான வழி, நீங்கள் போக வேண்டிய சாலையைக் கண்ணால் பாருங்கள், கை தானாக அங்கே திருப்பும். மரத்தைப் பார்த்தால் மரத்துக்குத்தான் போவீர்கள். முன்னால் வண்டி நின்றிருக்கிறது, வேறு வழியே இல்லை என்றால் ஏ.பி.எஸ். உள்ள காரில் பிரேக்கை முழுக்க அழுத்தி, விடாமல் பிடியுங்கள். டயர் தரைக்கு வந்த கணத்திலிருந்து அது வேலை செய்யும். காலடியில் கடகடவென்று அதிரும், பயந்து காலை எடுக்காதீர்கள்.

அந்த அதிர்வை ஆபத்து வரும்வரை தெரியாமல் வைத்திருப்பதைவிட முன்பே பழகிக்கொள்வது நல்லது. மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆள் இல்லாத மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒருமுறை முழுப் பிரேக் அடித்துப் பாருங்கள். அக்கா மகளை அப்படிக் கூட்டிப்போனேன். முதல் தடவை பதறிப்போய்க் காலை எடுத்துவிட்டாள். மூன்றாவது தடவை எடுக்கவில்லை.

பைக், ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு

இருசக்கர வண்டியின் டயர் குறுகலாகவும் உருண்டையாகவும் இருப்பதால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். கார் அளவுக்குச் சுலபமாக மிதக்காது. மொட்டை டயரும் நல்ல வேகமும் சேர்ந்தால் மிதக்கும், மிதந்தால் விழுவதுதான் நடக்கும். ஆனால் மழையில் பைக்கை அதிகம் விழவைப்பவை வேறு: சாலையில் போட்ட வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடை மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு, லாரி சிந்திய மணல், வளைவில் சிந்திய டீசல். இவற்றின்மேல் வண்டியைச் சாய்க்காமல், பிரேக் போடாமல், ஆக்சிலரேட்டரைத் திருகாமல் நேராகக் கடந்துவிடுங்கள். பிரேக் வேண்டுமென்றால் அதற்கு முன்பே இரண்டையும் சேர்த்து மென்மையாக.

தேங்கிய தண்ணீருக்கு அடியில் குழி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிப் போக இடம் இருந்தால் சுற்றிப் போங்கள். பஸ்ஸுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். அது வாரி அடிக்கும் தண்ணீரில் இரண்டு வினாடி கண் தெரியாது.

கடந்த பிறகு

ஒருமுறை மிதந்து மீண்டுவிட்டால், அதே சாலையில் அதே வேகத்தில் இன்னொருமுறையும் மிதக்கும். உடனே 20 கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்து, இடத்தடத்துக்கு வாருங்கள். பின்னால் வண்டி இல்லாதபோது பிரேக்கை இரண்டு மூன்று தடவை மெல்ல அழுத்தி விடுங்கள், டிஸ்க்கில் இருக்கும் ஈரம் காயட்டும்.

சாலையில் தேங்கிய 3 மில்லிமீட்டர் தண்ணீர் வேறு, சப்வேயில் நிற்கும் வெள்ளம் வேறு. ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்கவே வேண்டாம். ஓடும் வெள்ளம் ஓர் அடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். அங்கே நான் சொன்ன எதுவும் உதவாது, திரும்பிப் போவதுதான் வழி.

நிறுத்தும் இடத்தில் மறக்காமல் டயரைச் சுற்றி வந்து பாருங்கள். அன்று விக்கிரவாண்டியிலேயே டீக்கு நிறுத்தியிருந்தேன், டயர்ப் பக்கம் கண்ணே போகவில்லை. பெரம்பலூரில் நிறுத்தி அளந்தபோது முன்னால் இரண்டும் 2 மில்லிமீட்டர், காற்று 26. டயர் ஓடிச் சூடான பிறகு 26 என்றால் காலையில் அதற்கும் குறைவாகத்தான் இருந்திருக்கும். அன்றிலிருந்து கிளவ் பாக்ஸில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, நான்கு டயரின் ஆழம், காற்று. அக்கா மகளின் காரிலும் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன். முதல் வரியை அவளே எழுதினாள்: முன் இடது 6, முன் வலது 6, பின் இரண்டும் 7, காற்று 33.